மகளுக்கு அப்லேஷன் சொல்லியிருக்கிறார்கள், எக்ஸ்ரே எவ்வளவு படும்?

மஞ்சக்குப்பத்தான்:

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். பரீட்சைப் பயம் என்றுதான் பள்ளியில் சொன்னார்கள். போன மாதம் ஒருநாள் அடங்கவே இல்லை. எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாடி 200-க்குப் பக்கத்தில் இருந்தது. கையில் ஊசி போட்டார்கள், சில நொடியில் சட்டென்று இறங்கியது. ஈசிஜி பார்த்துவிட்டு எஸ்விடி என்றார்கள், இதயத்தின் மேல்பகுதியிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பாம்.

பாண்டியில் ஒரு இதய மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரையிலேயே ஓட்டலாம், ஆனால் சின்னப் பெண், வாழ்நாள் முழுக்க மாத்திரை எதற்கு, ஈபி ஸ்டடி (இதயத்தின் மின்னோட்டத்தைச் சோதிப்பது) செய்து அப்லேஷன் பண்ணிவிட்டால் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது என்கிறார். தொடை வழியாக வயர் விட்டு இதயத்தில் கோளாறான இடத்தைச் சுட்டுவிடுவார்களாம். அதுவரை சரி. "வயர் எங்கே போகுதுன்னு எக்ஸ்ரேயில பார்த்துக்கிட்டே செய்வோம்" என்றதும் வீட்டில் பிரச்சினை கிளம்பிவிட்டது. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது இந்தக் கதிர்வீச்சு ஏதாவது செய்துவிடுமோ என்று என் மாமியார் பிடித்த பிடியில் நிற்கிறார். சாதாரண எக்ஸ்ரே என்றால் ஒரு நொடி, இது தொடர்ந்து ஓடுமாமே?

3டி என்று ஒன்று இருக்கிறது, அதில் எக்ஸ்ரே குறையும், ஆனால் செலவு கூடும் என்றும் சொன்னார்கள். எவ்வளவு படும்? குறைக்கச் சொல்லி நாம் கேட்கலாமா? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை மூர்க்கன்:

அண்ணே பயப்படாதீங்க. எனக்கு பண்ணாங்க. மயக்க மருந்து கூட முழுசா குடுக்கல, பேசிக்கினே இருந்தேன். தொடையில ஊசி குத்தற வலி, அப்புறம் நெஞ்சு படபடப்ப அவங்களே வரவைப்பாங்க பாருங்க, அதுதான் ஒரு மாதிரி இருக்கும். மேல ஒரு பெரிய வளையம் சுத்திக்கினு இருந்துது, அதான் எக்ஸ்ரேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மறுநாள் வீட்டுக்கு வந்துட்டேன். இப்ப பீச்சு ரோட்டுல தினம் காலையில நடக்கிறேன், ஒண்ணும் இல்ல. எவ்ளோ எக்ஸ்ரே பட்டுதுன்னு நான் கேக்கவும் இல்ல, அவங்க சொல்லவும் இல்ல.

ஈயக்கோட்டு:

கேத் லேப் (எக்ஸ்ரே பார்த்து இதயத்தில் வயர் விடும் அறை) டெக்னீஷியனாக இருக்கிறேன், பாண்டியில்தான். மருத்துவர் இல்லை, அதனால் செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்குள் போகமாட்டேன். எக்ஸ்ரே என் வேலை, அதைச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்தார் சார், முதலில் ஒன்று. எக்ஸ்ரே தொடர்ந்து ஓடுவதில்லை. மருத்துவரின் காலடியில் தையல் மிஷினில் இருப்பது மாதிரி ஒரு பெடல் இருக்கும். மிதித்தால்தான் எக்ஸ்ரே வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். ஆபரேஷன் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரமும் கதிர் படுகிறது என்று அர்த்தமில்லை. மிதித்த நேரத்தை மட்டும் மெஷினே கூட்டி வைத்துக்கொள்ளும், இப்படி ஓடும் எக்ஸ்ரேயை ஃப்ளூரோ என்போம், அந்த நேரத்தை ஃப்ளூரோ டைம் என்போம். ஒரே வகை கேஸை ஒருவர் மூன்று நிமிடத்தில் முடிப்பார், இன்னொருவர் இருபது நிமிடம் மிதிப்பார். இரண்டு பேருக்கும் மெஷின் ஒன்றுதான்.

நிமிடக் கணக்கு மட்டும் போதாது. ஒரு நொடிக்கு எத்தனை படம், அதாவது ஃப்ரேம் ரேட், என்பது முக்கியம். கரோனரி ஆஞ்சியோ செய்கிற லேபில் 15 படத்தில் செட் ஆகியிருக்கும். ஈபி கேஸுக்கு அது தேவையே இல்லை. 7.5-க்கு இறக்கினால் டோஸ் கிட்டத்தட்ட பாதி. இன்னும் கீழே 4-க்கு இறக்கினாலும் வயரின் நுனி தெரியும், படம் கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடும், அவ்வளவுதான். கேஸ் ஆரம்பிக்கும் முன் பட்டனை அழுத்தி இறக்கி வைப்பது எங்கள் வேலை. ஆஞ்சியோ முடிந்த டேபிளில் அப்படியே ஈபி கேஸை ஏற்றினால் பழைய செட்டிங்கிலேயே ஓடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். பைசா செலவில்லாமல் பாதி குறைப்பதற்கு இதைவிட வழி கிடையாது.

அடுத்தது கோலிமேஷன். இதயத்தில் ஒரு மூலையில் வேலை நடக்கும்போது நெஞ்சு முழுவதையும் எதற்கு வெளிச்சம் போட்டுப் பார்க்க வேண்டும்? நான்கு பக்கமும் ஷட்டரை மூடி, வேண்டிய அளவு மட்டும் திறந்து வைத்தால் நோயாளிக்குப் படும் மொத்த அளவும் குறையும், சிதறி எங்கள் மேல் வருவதும் குறையும், படமும் தெளிவாகும். அப்புறம் மேலே படம் பிடிக்கும் டிடெக்டரை நோயாளியின் நெஞ்சுக்கு எவ்வளவு கிட்டே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்க வேண்டும். கீழே கதிர் கிளம்புகிற டியூபிலிருந்து டேபிள் முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். டிடெக்டர் ஒரு சாண் மேலே நின்றால் மெஷின் படம் மங்குகிறதே என்று தானாக டோஸை ஏற்றிக்கொள்ளும். ஜூம் போட்டாலும் அப்படித்தான். கடைசியாக மிதித்த படம் திரையில் நிற்கும், அதைப் பார்த்தே பாதி முடிவை எடுக்கலாம். பதிவு வேண்டுமென்றால் சினி என்கிற தனிப் படப்பதிவை ஓட்டாமல் ஃப்ளூரோவையே சேமிக்கலாம். சினி ஒரு படத்துக்கு ஃப்ளூரோவைப் போலப் பத்து மடங்கு அளவுக்குத் தின்னும்.

கணக்குப்பிள்ளை:

> இதைவிட வழி கிடையாது

அதுதான் நானும் கேட்கிறேன். பட்டனை அழுத்தினாலே பாதி குறையும் என்றால் 3டி எதற்கு? அதற்குத் தனியாக ஒரு கேத்தீட்டர் (இதயத்துக்குள் விடுகிற வயர்), நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டுகிற பேட்ச், கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது, எல்லாம் பில்லில் ஏறும். முதலில் கதிர்வீச்சு என்று பயமுறுத்து, பிறகு அதைக் குறைக்கிறேன் என்று காசு வாங்கு. நல்ல வியாபாரம். இன்னொன்று, கேரளாவில் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரியம் மணல், தலைமுறை தலைமுறையாகக் கதிர்வீச்சிலேயே வாழ்கிறார்கள். அங்கே புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று ஆய்வே வந்திருக்கிறது. நாம் பத்து நிமிட எக்ஸ்ரேவுக்கு அலறுகிறோம்.

மஞ்சக்குப்பத்தான்:

டெக்னீஷியன் தம்பிக்கு நன்றி. பெடல் விஷயத்தை மாமியாரிடம் சொன்னேன், "அப்ப அந்த டாக்டர் கால் எப்படின்னு விசாரி" என்கிறார். கேள்வி நியாயம்தான். வயிற்றுக்கு ஈயப் போர்வை போடச் சொல்லலாமா? கர்ப்பப்பைக்கு எவ்வளவு போகும் என்பதுதான் வீட்டில் ஒரே கேள்வி.

டெல்டா அலை:

நான் ஈபி பயிற்சியில் இருக்கும் மருத்துவர். இந்தப் பெண்ணின் ஈசிஜியைப் பார்க்காமல் தனிப்பட்ட ஆலோசனை சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேள்வியாக எடுத்துப் போங்கள்.

முதலில் எண்கள். உடம்புக்குக் கதிரால் வரும் ஆபத்தை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.02. மண், காற்று, சாப்பாடு, வானம் என்று இயற்கையாக நம் எல்லோர் மேலும் படுவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். நெஞ்சு சிடி ஸ்கேன் ஏறக்குறைய 7. அப்லேஷனுக்குப் பழைய கட்டுரைகளில் 15 என்ற சராசரி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அதிலும் 1-லிருந்து 60 வரை ஓடியது, கையும் கேஸும் பொறுத்து. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறை தாறுமாறாகத் துடிப்பது) மாதிரி நீண்ட கேஸ்களும் அந்தக் கணக்கில் உண்டு. உங்கள் மகளுக்குச் சொல்லப்படும் வகை எஸ்விடியில் கவனமாகச் செய்கிற லேபில் ஒன்று இரண்டு மில்லிசீவர்ட்டுக்குள், பல சமயம் அதற்கும் கீழே முடிகிறது.

இதற்கு என்ன அர்த்தம்? சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் பொதுக் கணக்கு, ஒரு சீவர்ட்டுக்கு (ஆயிரம் மில்லிசீவர்ட்) 5 சதவீதம் என்ற புற்றுநோய் ஆபத்து. 2 மில்லிசீவர்ட் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. இளம் வயதுப் பெண் என்பதால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. பத்தாயிரத்தில் இரண்டு. நம்மில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வரும் நாட்டில் இது அதோடு சேரும் துளி. ஆனால் 15 என்றால் துளி அல்ல. அதனால்தான் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை சார், கருநாகப்பள்ளி ஆய்வு உண்மை, மறுக்கவில்லை. அங்கே வருடக் கணக்கில் மெல்லப் படுகிறது, இங்கே சில நிமிடத்தில் உடம்பின் ஒரே பகுதியில் படுகிறது. அதை வைத்து இதைத் தள்ளுபடி செய்ய முடியாது. அதைவிட நேரடியான சேதம் ஒன்று இருக்கிறது. தோலின் ஒரே இடத்தில் 2 கிரேக்கு (ஓரிடம் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) மேல் விழுந்தால் சிவந்துபோகத் தொடங்கும், இன்னும் ஏறினால் முடி கொட்டும், புண்ணாகும். முதுகில் ஆறாத புண் வந்த கேஸ்களைப் பார்த்துத்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் 1994-ல் ஃப்ளூரோஸ்கோப்பி பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இன்றைய எஸ்விடி கேஸில் அந்த அளவுக்கு யாரும் போவதில்லை.

ஈயக்கோட்டு:

போர்வைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். டியூப் டேபிளுக்கு அடியில் இருக்கிறது, கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து மேலே வருகிறது. வயிற்றுக்கு மேலே போர்வை போட்டு என்ன பயன்? கர்ப்பப்பைக்குப் போவது பெரும்பாலும் நெஞ்சில் விழுந்த கதிர் உடம்புக்குள்ளேயே சிதறிக் கீழே இறங்குவது. அதை வெளியே போடும் ஈயம் தடுக்காது. அந்த அளவும் மிகச் சிறிது, கருப்பை நேர்க்கதிருக்கு வெளியே இருக்கிறது. போர்வை தவறி படத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் மோசம். ஈயத்தைத் தாண்டிப் பார்க்க மெஷின் தானாக டோஸை ஏற்றும்.

கேட்க வேண்டியது வேறு. தொடையிலிருந்து வயரை மேலே ஏற்றும்போது வழி தவறுகிறதா என்று இடுப்புப் பக்கம் மிதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சில நொடிதான் கருப்பைக்கு நேராகப் படுவது. "இடுப்பில் ஃப்ளூரோ இல்லாமல் ஏற்ற முடியுமா" என்று கேளுங்கள். 3டி இருந்தால் அதில் பார்த்தே ஏற்றலாம். கைப்பழக்கம் உள்ளவர்கள் 3டி இல்லாமலும் தடங்கல் தெரிந்தால் மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள்.

கேஸுக்கு முன்னால் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். வயதுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் செய்வது, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அங்கே வந்து சண்டை போடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

டெல்டா அலை:

3டி என்ன செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை. டேபிளுக்கு அடியில் மெல்லிய காந்தப் புலம் உண்டாக்குவார்கள், கேத்தீட்டர் நுனியில் ஒரு சிறு உணரி. நுனி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். கார்ட்டோ இந்த வகை. என்சைட் வகையில் உடம்பில் ஒட்டிய பேட்ச்களுக்கு இடையே நாம் உணராத அளவு மின்சாரம் ஓட்டி, தடையைக் கணக்கிட்டு இடம் கண்டுபிடிப்பார்கள். இரண்டிலும் கேத்தீட்டர் தொட்ட இடமெல்லாம் சேர்ந்து இதய அறையின் வரைபடம் திரையில் எழும், எந்த இடத்தில் மின்சாரம் முன்னால் வருகிறது என்று நிறத்தில் தெரியும். எக்ஸ்ரேயில் நிழல்தான் தெரியும், இதயச் சுவர் தெரியாது. சுட்ட இடத்துக்கு மறுபடி போக வேண்டுமென்றால் 3டியில் புள்ளி வைத்திருப்போம், மிதிக்கத் தேவையில்லை.

இடது மேலறைக்கு ஊசி துளைத்துப் போக வேண்டிய கேஸ்களில் இதயத்துக்குள்ளேயே விடுகிற எக்கோ கேத்தீட்டர், ஐஸ் என்போம், அதுவும் சேர்ந்தால் எக்ஸ்ரே இல்லாமலே செய்கிறவர்கள் உண்டு. விலை அதிகம் என்பதால் நம் பக்கத்தில் எல்லா கேஸுக்கும் வைப்பதில்லை.

ஆதாரம் கேட்பீர்கள். 2016-ல் நோ-பார்ட்டி என்ற ஆய்வு வெளியானது, இத்தாலியில் உள்ளவர்கள் முன்னின்று நடத்தியது. எஸ்விடி உள்ள 262 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு 3டியை நம்பி, மறுபாதிக்கு வழக்கமான எக்ஸ்ரேயை நம்பிச் செய்தார்கள். முதல் பிரிவில் 72 சதவீதம் பேருக்கு பெடலையே மிதிக்கவில்லை. வெற்றியிலும் சிக்கலிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கணக்குப்பிள்ளை சாரின் கேள்விக்கு நேர் பதில். எஸ்விடியில் ஏவிஎன்ஆர்டி (ஏவி நோடு பக்கத்தில் மின்சாரம் சுற்றிச் சுற்றி வருவது) என்ற வகையாக இருந்தால், பழகிய கை, குறைந்த ஃப்ரேம் ரேட், நன்றாக மூடிய கோலிமேட்டர், இவை இருந்தாலே 3டி இல்லாமல் மிகக் குறைந்த டோஸில் முடிக்கலாம். அந்த வகையில் 3டி கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அதே சமயம் அங்கே ஏவி நோடு பக்கத்திலேயே சுடுகிறோம், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்துகிற இடம் அது. சேதமானால் பேஸ்மேக்கர் வரை போகும், நூறில் ஒன்றுக்கும் கீழேதான், ஆனால் 17 வயதில் அது சாதாரண விஷயமில்லை. அந்த இடத்தை 3டியில் குறித்து வைத்துக்கொண்டு சுடுவது நிம்மதி. எனக்கு என் தங்கைக்கு என்றால் 3டி போடுவேன், எக்ஸ்ரேவுக்காக அல்ல, இதற்காக.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜீரோ ஃப்ளூரோ என்று சில இடங்களில் பெருமைக்காக ஓட்டுகிறார்கள். கேத்தீட்டர் எங்கே என்று சந்தேகம் வந்தால் மிதித்துப் பார்ப்பதுதான் சரி. மிதிக்கமாட்டேன் என்று அடம்பிடித்து இதயத்தை ஓட்டையாக்குவதில் என்ன வீரம்?

கணக்குப்பிள்ளை:

இப்படி நேராகப் பதில் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பழகிய கை என்பது பில்லில் எந்த வரியிலும் வராது, 3டி பில்லில் வரும். அதனால் மருத்துவமனை எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

மட்டுறுத்துநர்:

மருத்துவமனைப் பெயர்களைப் போட்டு எது நல்லது எது மோசம் என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விஷயத்தைப் பேசுங்கள்.

பாகூர் சிஸ்டர்:

எல்லாரும் நோயாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு பொண்ணு வாழ்க்கையில் ஒருமுறை அந்த டேபிளில் படுப்பாள். நாங்கள் வாரம் முழுக்க அதே அறையில் நிற்கிறோம். கேத் லேப் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து இப்போது வார்டுக்கு மாறிவிட்டேன், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எங்கள் மேல் நேர்க்கதிர் படுவதில்லை, நோயாளி உடம்பில் பட்டுத் தெறிப்பதுதான் வரும். டியூப் அடியில் என்பதால் தெறிப்பும் இடுப்புக்குக் கீழேதான் அதிகம். டேபிளின் ஓரத்தில் ஈயத் திரை தொங்க வேண்டும். டிரிப் ஸ்டாண்டை நகர்த்த இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் போட்ட இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். மேலே தொங்குகிற ஈயக் கண்ணாடி இருக்கும், அதை இழுத்து டாக்டர் முகத்துக்கும் நோயாளிக்கும் நடுவில் வைத்தால் தலைக்கும் கண்ணுக்கும் பெரிய பாதுகாப்பு. எத்தனை பேர் இழுக்கிறார்கள்? ஸ்டெரைல் கவர் மாட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

தள்ளி நிற்பதுதான் எங்களுக்கு ஆயுதம். ஒரு மீட்டரில் இருந்து இரண்டு மீட்டருக்குப் போனால் கால் பங்காகிவிடும். ஆனால் மருந்து கொடுக்கக் கிட்டே போகும்போது டாக்டர் மிதித்துக்கொண்டே இருப்பார். "சார் ஒரு நிமிஷம்" என்று சொன்னால் காலை எடுக்கிற டாக்டரும் உண்டு, முறைக்கிற டாக்டரும் உண்டு. நல்ல டாக்டர் மிதிக்கும் முன் சத்தமாகச் சொல்லிவிட்டு மிதிப்பார்.

ஈய ஏப்ரன் ஐந்து கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை இருக்கும். முதுகு போச்சு. அதைக் கழற்றியதும் மடித்து நாற்காலியில் போடக்கூடாது, உள்ளே ஈயம் விரிசல் விடும், ஹேங்கரில்தான் தொங்கவிட வேண்டும். வருடம் ஒருமுறை எக்ஸ்ரேயில் வைத்து விரிசல் பார்க்க வேண்டும். நான் இருந்த இடத்தில் அப்படிப் பார்த்ததை நான் பார்த்ததில்லை. தைராய்டு காலர் இரண்டே இரண்டு, டாக்டர்களுக்கு.

இதைப் படிக்கிற நர்ஸ் பெண்களுக்கு: கர்ப்பம் என்று தெரிந்த அன்றே எழுத்தில் கொடுங்கள். சொன்ன நாளிலிருந்து குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. டூட்டி மாற்றுவது அவர்கள் கடமை, உதவி அல்ல. பல பெண்கள் மூன்று மாதம் ஆகட்டும் என்று சொல்லாமல் இருப்பார்கள். கண் படும் என்ற பயம் நம் வீடுகளில் அப்படி. அந்த மூன்று மாதம்தான் முக்கியமே.

நெல்லிக்குப்பம் ரேடியோ:

அக்கா, நான் ரேடியாலஜி டிப்ளமோ படிக்கிறேன், கேத் லேப் போஸ்டிங் வருது. நம்ம மேல படற கதிர அளக்கிற டிஎல்டி பேட்ஜ் ஏப்ரனுக்கு மேல குத்தணுமா உள்ள குத்தணுமா? சீனியர் ஒருத்தர் மேலன்றார், இன்னொருத்தர் பையில வெச்சுக்கோன்றார்.

ஈயக்கோட்டு:

தம்பி, ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில். உன் உடம்புக்கு என்ன போகிறது என்பதை அளக்கத்தான் அது. பேட்ஜுக்குள் கால்சியம் சல்ஃபேட்டில் டிஸ்ப்ரோசியம் கலந்த மூன்று வில்லை இருக்கும். கதிர் பட்டால் சக்தியைப் பிடித்து வைத்திருந்து, லேபில் சூடேற்றும்போது ஒளியாக விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளப்பார்கள். டியூட்டி முடிந்ததும் கதிர் இல்லாத இடத்தில் கண்ட்ரோல் பேட்ஜோடு (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது) சேர்த்து வைக்க வேண்டும். ஏப்ரனிலேயே குத்தி லேபுக்குள் தொங்கவிட்டால் நீ வீட்டில் தூங்கும்போதும் அது டோஸ் வாங்கும். உன் டிஎல்டி எண் உனக்கே உரியது, வேலை மாறினால் பழைய கணக்கைக் கொண்டுபோக வேண்டும், மறந்துவிடாதே.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து வருட சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஒழுங்காக ஏப்ரன் போட்டால் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டாய்.

பாகூர் சிஸ்டர்:

> பக்கத்தில்கூடப் போகமாட்டாய்

பேட்ஜில் போகாது, அது உண்மை. ஏனென்றால் பாதிப் பேர் பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் கேஸுக்குப் போகிறார்கள். ரீடிங் கூடினால் விளக்கம் எழுதச் சொல்வார்கள், லேபிலிருந்து எடுத்துவிடுவார்கள், அலவன்ஸ் போய்விடும். ஆக ரெஜிஸ்டர் சுத்தம், எல்லா வரிசையிலும் பூஜ்யம். ஒரு பிஸியான லேபில் எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?

டெல்டா அலை:

சிஸ்டர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான், வாங்கிக்கொள்கிறேன். பேட்ஜ் நெஞ்சில் இருக்கிறது, கண் வெளியே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் வில்லைக்கு முன்பு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் வரை சரி என்று இருந்ததை, 2011-ல் சர்வதேச ஆணையம் 20-ஆக இறக்கியது. நினைத்ததைவிடக் குறைந்த டோஸிலேயே வில்லையின் பின்பக்கம் மங்கத் தொடங்குவது தெரிந்ததால். ஈயக் கண்ணாடி போடுங்கள், பக்கவாட்டிலும் மறைப்பு உள்ளதாக. திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது கதிர் பக்கத்திலிருந்துதான் நுழையும்.

இஸ்ரேலிய மருத்துவர் ஒருவர் 2013-ல் உலகெங்கும் கதிரோடு வேலை செய்யும் மருத்துவர்களின் மூளைக் கட்டிகள் 31-ஐத் திரட்டினார். எந்தப் பக்கம் என்று தெரிந்த 26 பேரில் 22 பேருக்கு இடப்பக்கம். நாங்கள் நிற்கும்போது டியூபுக்குக் கிட்டே இருப்பது இடப்பக்கம். கேள்விப்பட்டதைத் திரட்டிய கணக்கு, இதை வைத்துக் காரணம் நிரூபணமானது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதைப் படித்த பிறகு தொங்கும் கண்ணாடியை இழுக்காமல் நான் மிதிப்பதில்லை.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு ஒரு சின்ன விஷயம்: எக்ஸ்ரே வளையமான சி-ஆர்மை எல்ஏஓ பக்கம் (டிடெக்டர் நோயாளியின் இடப்பக்கம் போகும் கோணம்) சாய்த்தால் டியூப் எங்கள் பக்கம் வருகிறது, தெறிப்பு கூடும். அந்தக் கோணத்தில் ஓடும்போது இரண்டடி பின்னால் போய் நில்லு.

முத்தியால்பேட்டை மூர்க்கன்:

அடேங்கப்பா. நான் பேசிக்கினே படுத்திருந்தப்ப அந்த சிஸ்டருங்க பின்னால பின்னால போனது இதுக்குத்தானா. என்னைப் பாத்து பயந்துட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்!

மஞ்சக்குப்பத்தான்:

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் போய் மூன்று கேள்வி கேட்டேன். ஃப்ரேம் ரேட் எவ்வளவு வைப்பீர்கள், இடுப்பில் ஃப்ளூரோ இல்லாமல் ஏற்றுவீர்களா, முடிந்ததும் டோஸ் எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருவீர்களா. கோபிக்கவில்லை. "யார் சொல்லிக்கொடுத்தது" என்று சிரித்தார். 3டி போட்டே செய்யலாம் என்று முடிவு, ஏவி நோடு பற்றி இங்கே எழுதியதை அவரும் சொன்னார். காப்பீட்டு அட்டையில் 3டி பகுதி வருமா என்று கவுண்டரில் எழுதிக் கேட்டு, முன் அனுமதி வாங்கிய பிறகே தேதி வாங்கினோம். ஜிப்மரிலும் ஒருமுறை காட்டிக் கருத்து கேட்டுக்கொண்டோம், கோரிமேடு ஒன்றும் தூரமில்லையே.

மஞ்சக்குப்பத்தான்:

முடிந்தது. ஏவிஎன்ஆர்டிதான். நன்றாக இருக்கிறாள், செல்போனைக் கேட்டு நச்சரிக்கிறாள். சம்மரியில் இப்படி இருக்கிறது: ஃப்ளூரோ டைம் 3 நிமிடம் 10 நொடி, ஏர் கெர்மா 19 மில்லிகிரே, டிஏபி 2.1 கிரே சதுர சென்டிமீட்டர். எதைப் பார்க்க வேண்டும்?

ஈயக்கோட்டு:

மகிழ்ச்சி சார். ஏர் கெர்மா தோலுக்கான எண். 2 கிரே என்றால் 2000 மில்லிகிரே, அங்கேதான் சிவப்பு ஆரம்பிக்கும். உங்களுக்கு 19. அதை மறந்துவிடலாம். டிஏபி என்பது கதிரின் அளவையும் பரப்பையும் பெருக்கியது, புற்றுநோய்க் கணக்குக்கு அது வேண்டும். நெஞ்சுப் பகுதிக்கு ஏறக்குறைய 0.2 ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் வரும். 2.1 பெருக்கல் 0.2, சுமார் 0.4. இரண்டு மாதம் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் இயற்கையிலிருந்து வாங்குகிற அளவு. இதை மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள். காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் எப்போதாவது சிடி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

3 நிமிடத்துக்கு இந்த டிஏபி என்றால் ஃப்ரேம் ரேட்டை இறக்கி, நன்றாக மூடித்தான் ஓட்டியிருக்கிறார்கள். அந்த லேபில் யாரோ வேலை தெரிந்தவர் இருக்கிறார்.

பாகூர் சிஸ்டர்:

பொண்ணுக்கு வாழ்த்துகள். ஒரு வாரம் மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லுங்கள், கனம் தூக்க வேண்டாம். தொடையில் குத்திய இடத்தில் வீக்கமோ ரத்தமோ தெரிந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே கூட்டிப் போங்கள்.

கணக்குப்பிள்ளை:

மஞ்சக்குப்பத்தாருக்கு வாழ்த்து. டாக்டர் தம்பி, என் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் சொல்லியிருக்கிறார்கள், விழுப்புரத்தில். அதையும் எக்ஸ்ரே இல்லாமல் 3டியில் வைக்கலாமா? 78 வயது.

டெல்டா அலை:

லீடு (இதயத்துக்குள் போகும் மின்கம்பி) சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க பேஸ்மேக்கருக்குப் பெரும்பாலும் ஃப்ளூரோ வேண்டும் சார். 78 வயதில் சில நிமிட எக்ஸ்ரே பற்றி யோசிக்கவே வேண்டாம், 3டிக்குக் காசு கட்டவும் வேண்டாம். எந்த வகை பேஸ்மேக்கர், ஒரு லீடா இரண்டா என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது. ஈசிஜியில் பெயரை மறைத்துவிட்டுத் தனி இழையில் போடுங்கள், பார்க்கிறேன்.